ஒன்பதாவது சோதனை

அக்டோபர் 3, புதன்

இந்த டைரியை அமலி மதினி கொடுத்தார். வருடப் பிறப்புக்கு ஒரு கப்பல் ஏஜென்ட் தந்ததாம். ஒன்பது மாதம் பில் மேசையில் கிடந்து தூசி பிடித்துவிட்டது. "வாயத் தொறந்துதான் பேச மாட்டேங்கே, எழுதவாவது செய்யி பிள்ள" என்றார்.

என் பெயர் டெல்பின். பதினாறு வயது. பத்தாம் வகுப்பில், பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, பிரார்த்தனைக் கூட்டத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அம்மா குவைத்தில் இருக்கிறாள்.

நான் வேலை செய்வது ரெஜிஸ் அண்ணன் கடையில். அமலி மதினி அவர் மனைவி. தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போகிறவர்கள் வெளிநாட்டில் வாங்கிவரும் கேம் மெஷின்கள், கையில் வைத்து விளையாடுகிறவை, எங்களிடம் வரும். பழையதை வாங்கிச் சரிசெய்து விற்போம். ரிப்பேருக்கும் எடுப்போம்.

கடையில் ஒரு செக்கிங் கேசட் இருக்கிறது. சாம்பல் நிறம், மேலே படம் கிடையாது. ரெஜிஸ் அண்ணனின் மாமா கப்பலில் எலெக்ட்ரீசியன். சிங்கப்பூரில் மூடப்போன ஒரு சர்வீஸ் கடையில் அவருக்கு இது கிடைத்தது. இதைச் சொருகினால் விளையாட்டு வராது, பரீட்சைதான் வரும். திரையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா, ஒவ்வொரு பட்டனும் அழுந்துகிறதா, சத்தம் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று எட்டுச் சோதனை. தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. அதனால் ரெஜிஸ் அண்ணன் அதை வாத்தியார் என்பார். "வாத்தியார் பாஸ் போட்டாராட்டி?" என்றுதான் கேட்பார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவளுக்கு இப்படி ஒரு வாத்தியார்.

ஒன்பதாவது சோதனை, சோதனையே இல்லை. அதை அழுத்தினால் மெஷினுக்குள் பழைய ஆள் போட்டு வைத்த பெயர், பிறந்தநாள் எல்லாம் போய், புதுசாகப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் ஆகிவிடும். விற்பதற்கு வாங்கியவற்றுக்கு மட்டும் அது. அவற்றுக்கு ரப்பர் பேண்ட் கிடையாது. ரிப்பேருக்கு வந்தவற்றுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் போடுவோம். சிவப்பு என்றால் எட்டோடு நிறுத்த வேண்டும்.

ஒன்பதும் முடித்த மெஷின்களை வாத்தியார் எண்ணி வைத்துக்கொள்கிறார். இன்று மாலை 4,309.

அக்டோபர் 5, வெள்ளி

போன் வரவில்லை. அப்பா சாளை மீன் வாங்கி வந்தார். குழம்பு வைத்தேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

மதினி கோயிலுக்குப் போயிருந்ததால் ரிப்பேருக்கு வாங்கி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்ன கோளாறு? தண்ணீர் பட்டதா? உள்ளே பத்திரப்படுத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஒரு அக்கா வந்தார். இறால் கம்பெனியில் வேலை செய்கிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. பிளாஸ்டிக் கவருக்குள் துண்டு, துண்டுக்குள் மெஷின். நீல நிறம், புத்தகம்போல் திறக்கிற வகை.

"என் மவன்து. கீழ விழுந்துட்டு. லைட்டே வர மாட்டேங்கு."

"தண்ணி பட்டுச்சா?"

"இல்ல."

பெயர் எமில்டா, மகன் பெயர் ரூபன் என்று சீட்டில் எழுதினேன். அவர் போகாமல் நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. என்னால் ஆட்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. வந்தது, ஒரு மணிக்கு மறுபடி போனது. மூன்றுக்கு வந்ததும் ரெஜிஸ் அண்ணன் விரட்டினார். "ஏட்டி, இன்னும் ஒரு மணி நேரந்தான் விடுவான். டிரேல இருக்கதெல்லாம் ஓட்டு, ஓட்டு!"

நீல மெஷினுக்கு ஃப்யூஸ் போயிருந்தது, சார்ஜிங் பின் ஆடியது. காலையில் கரண்ட் போவதற்கு முன்பே இரண்டையும் மாற்றி வைத்திருந்தேன். வாத்தியாரைச் சொருகி வரிசையாக ஏழு மெஷினை ஓட்டினேன். எட்டு, ஒன்பது, அடுத்தது. எட்டு, ஒன்பது, அடுத்தது. என் கைக்கு அது பழக்கம்.

நீல மெஷின் நாலாவது. ஒன்பதை அழுத்திய பிறகுதான், 4,317 என்று திரையில் பார்த்த பிறகுதான், அது எது என்று தெரிந்தது.

சிவப்பு ரப்பர் பேண்ட் என் தலையில் இருந்தது. காலையில் மதினி, "முடி மெஷினுக்குள்ள விழுது பாரு, கட்டு" என்று சத்தம் போட்டார். என் ஹேர் பேண்ட் அறுந்திருந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பையன் போட்டு வைத்த பெயர்தானே, அவனே மறுபடி போட்டுக்கொள்வான் என்று நினைத்தேன்.

அக்டோபர் 12, வெள்ளி

எமில்டாக்கா வந்தார். மதினி எதிரில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் உள்ளே பெஞ்சில் இருந்தேன். மரப்பலகைதான் நடுவில், எல்லாம் கேட்டது.

"ரூபன் ஜூலைல போய்ட்டான் மதினி. ரத்தத்துல வியாதி. ஆஸ்பத்திரில நாலு மாசம் இதத்தான் கையில வச்சிருந்தான். கடைசி வாரம் எங்கிட்ட, 'ஒனக்கு ஒன்னு எழுதி வச்சிருக்கேன், இதுக்குள்ள இருக்கு, வீட்டுக்குப் போனதும் காட்டுதேன்'னான். மறுநா கைதவறி கீழ போட்டுட்டான். லைட் போச்சு. பெறகு அவனும் வீட்டுக்கு வரல."

"எழுதிருக்கானா? இதுக்குள்ள எழுத முடியுமா?" என்றார் மதினி.

முடியும். பெயர், பிறந்தநாள், அதற்குக் கீழே மெசேஜ் என்று ஒரு வரி. ஆங்கில எழுத்து இருபத்தாறு போடலாம். எனக்குத் தெரியும்.

"ஏ டெல்பின், அந்த நீலம் முடிஞ்சிட்டா?"

"இல்ல மதினி. பின் வரணும்."

இதுதான் நான் சொன்ன முதல் பொய்.

போன் வரவில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பெரிய குருசுப் பக்கம் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்தேன். புது மண்மேடுகள் கடைசி வரிசையில். ரூபனுக்கு மரக்குருசு. பிறப்பு 6.5.2000. இறப்பு 30.7.2012.

பிறந்தநாளை மெஷினில் போட வேண்டும், அதற்காகத்தான் போனேன்.

அக்டோபர் 15, திங்கள்

ரெஜிஸ் அண்ணனிடம், ஒன்பதில் போனதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். பொதுவாகக் கேட்பதுபோல்தான்.

சிரித்தார். "வெள்ளையடிச்ச சுவத்துல பழைய கிறுக்கலத் தேடுவியாட்டி? போனது போனதுதான். ஏன், வாத்தியார் மேல சந்தேகமா?"

"சும்மாதான்."

"சும்மா பேசுத ஆளா நீ? இன்னைக்கு மழ வரும்."

வரவில்லை.

அக்டோபர் 17, புதன்

நீல மெஷினை என் டிராயரில் வைத்திருக்கிறேன். மூடி வைத்தால் அது தூங்கும், அணையாது. தூங்கும்போது ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மெல்ல எரிந்து மெல்ல அடங்கும். மூச்சு விடுவதுபோல் இருக்கும். எல்லா மெஷினும் அப்படித்தான், கம்பெனி வைத்தது அப்படி. இன்று கரண்ட் போனபோது டிராயர் இடுக்கு வழியாக அது தெரிந்தது. கைக்குட்டையைப் போட்டு மூடினேன். துணிக்குள்ளேயும் எரிந்து அடங்கியது.

அணைத்துவிடலாம். பொத்தான் ஒன்றுதான். என் கை போகவில்லை.

மதியம் ஜன்னலோரம் எடுத்துப்போய்ச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். குச்சியால் தொட்டு எழுதும் திரையில் எங்கே அதிகம் தொட்டார்களோ அங்கே பள்ளம் விழும். சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். விளையாட்டுக் கோடுகளுக்கு நடுவே, எழுத்துப் பலகை வருகிற இடத்தில், இரண்டு புள்ளி ஆழமாக இருந்தது. எழுத்துப் பலகையை வரவைத்து அதன்மேல் பொருத்திப் பார்த்தேன். A. M.

மற்றவை தெரியவில்லை. எத்தனை முறை எழுதி அழித்தானோ.

வாத்தியார் இன்று 4,331. நான் 4,317-லேயே நிற்கிறேன்.

அக்டோபர் 19, வெள்ளி

எமில்டாக்கா மறுபடி வந்தார். பின் இன்னும் வரவில்லை என்றேன்.

"அவசரமில்ல மக்களே. அவன் எங்க போப்போறான்" என்றார்.

கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சேலை தோளில் நிற்காமல் நழுவியது, அவ்வளவு மெலிந்திருக்கிறார். அவர் போனதும் மதினி சொன்னார், "சோறு எறங்கலயாம் அவளுக்கு. பிள்ள போனதுலேருந்து வெறும் டீதான். அந்த எழுத்தப் பாத்துட்டாலாவது மனசு ஆறும்."

போன் வரவில்லை.

அக்டோபர் 20, சனி

எழுதிவிட்டேன்.

பெயர் RUBAN. பிறந்தநாள் மே 6. மெசேஜ் வரியில் கர்சர் கோடு மின்னிக்கொண்டே இருந்தது. அது நிற்காமல் கேட்பதுபோல் இருந்தது. A-வும் M-உம் எனக்குத் தெரியும். AMMA என்று போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

AMMA SAPTIYA.

இடைவெளியோடு சேர்த்துப் பன்னிரண்டு. இன்னும் பதினாலு இடம் காலியாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

அக்டோபர் 22, திங்கள்

எமில்டாக்காவிடம் நானே திறந்து காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். வெளுத்த விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து வைத்துப் படித்தார்.

"அ...ம்மா. சா... சாப்..."

பிறகு அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. ரெஜிஸ் அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றார். மதினி அழுதார். எமில்டாக்கா என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். இறாலும் ஐஸும் மணத்தது.

"என் பிள்ளைய எனக்குத் திருப்பித் தந்துட்டிய" என்றார்.

அக்டோபர் 26, வெள்ளி

போன் வரவில்லை.

எமில்டாக்கா சாப்பிடுகிறாராம். மதினி சந்தோஷமாகச் சொன்னார். நல்லதுதானே என்று நாள் முழுவதும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். பட்டன் சோதனையில் யாரும் தொடாமலே ஒரு மெஷினில் இடது பட்டன் பச்சையாகி அணைந்தது. உள்ளே ஈரம் இருந்தால் அப்படி வரும். துடைத்தேன். சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

அக்டோபர் 29, திங்கள்

மதினி டீ ஊற்றிக்கொண்டே சொன்னார். "கல்லறைத் திருநாளுக்குள்ள ரூபனுக்குக் கல்லு வைக்காளாம் எமில்டா. பேரு, தேதி, அதுக்குக் கீழ அவன் எழுதுனத வெட்டச் சொல்லிருக்காளாம். அம்மா சாப்டியா. வியாழக்கிழம வெட்டி முடிச்சிருவானாம். படிக்கிற ஆளுக்கெல்லாம் அழுக வந்துரும் பாரு."

டீ கையில் ஆறிவிட்டது.

திரையில் இருப்பதை அழிக்கலாம். கல்லில் இருப்பதை என்ன செய்வது? அவன் மேல் காலத்துக்கும் என் சொல் கிடக்கும். அவன் சொன்னது என்று ஊரெல்லாம் படிக்கும்.

அக்டோபர் 30, செவ்வாய்

இறால் கம்பெனி வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 31, புதன்

இன்று போனேன். நாலு மணிக்கு ஷிப்ட் விடும். வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாகப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். யார் யார் என்று தெரியவில்லை. எமில்டாக்காவே என்னைப் பார்த்து வந்தார்.

"என்ன மக்களே, இங்கன நிக்கே?"

"எக்கா, கல்லுல அத வெட்டச் சொல்லாதிய."

"எத?"

"அது ரூபன் எழுதல. நான் எழுதுனேன்."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. காதில் விழவில்லையோ என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ரப்பர் பேண்ட், ஒன்பதாவது சோதனை, டிராயர், பின் வரவில்லை என்ற பொய், கல்லறையில் பார்த்த பிறந்தநாள். இவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை.

"அப்போ அவன் எழுதுனது?"

"அழிஞ்சிட்டு. நான்தான் அழிச்சேன். என்ன எழுதிருந்தான்னு பாக்கல."

பின்னால் வந்த ஒரு பெண், "ஏ எமி, பஸ்ஸு போயிரும் வா" என்று கூப்பிட்டாள். எமில்டாக்கா திரும்பவில்லை. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதை எங்கே போனாலும் கொண்டுபோகிறார் போல. திறக்கவில்லை, தடவிக்கொண்டே நின்றார்.

"ஒம்பது நாளா இதுக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன். காலையில ஒருக்க, ராத்திரி ஒருக்க. சாப்ட்டேன்ல, சாப்ட்டேன்லன்னு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் யாருக்குட்டி சொல்லிட்டு இருந்தேன்?"

எமில்டாக்கா கவரை மறுபடி கைப்பைக்குள் வைத்தார்.

"போ" என்றார்.

நவம்பர் 1, வியாழன்

ரெஜிஸ் அண்ணனிடமும் மதினியிடமும் சொன்னேன். ரெஜிஸ் அண்ணன் வாத்தியாரை என் மேசையிலிருந்து எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். "வேலைக்கு வா. ஆனா இனிமே ஒன்பத நான்தான் அழுத்துவேன்" என்றார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. கிண்டல் செய்திருக்கலாம்.

வீட்டில் அப்பா, "நாளைக்குக் கல்லறைக்கு வாறியா?" என்று கேட்டார். "நமக்கு அங்க யாரு இருக்கா?" என்றேன். அவர் சட்டையைத் துவைக்கப் போனார்.

நவம்பர் 2, வெள்ளி

காலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை. நாலு மணிக்கு நானே கிளம்பிப் போனேன்.

கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் எமில்டாக்கா குந்தி உட்கார்ந்திருந்தார். கல் வந்துவிட்டது. பக்கத்தில் போனேன்.

ரூபன். இரண்டு தேதிகள். அதற்குக் கீழே ஒரு வரிக்கு மேலும் கீழும் கோடு கிழித்துச் செதுக்கியிருந்தது. கோடுகளுக்கு நடுவே எழுத்து இல்லை. வழவழப்பான வெறும் கல்.

"கல்லு வெட்டுதவன்கிட்ட அந்த ஒரு வரிய அப்படியே விட்டுரச் சொல்லிட்டேன்" என்றார் எமில்டாக்கா, என்னைப் பார்க்காமலே. "அவன் என்னமோ எழுதுனான்லா. அது அவனுக்குத் தெரியும். அங்கன இருந்துட்டுப் போட்டும்."

அவர் ஒரு மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றினார். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்.

"அந்தக் கேள்வி ஒனக்கு எங்கேருந்துட்டி வந்துச்சு? அம்மா சாப்டியான்னு எந்தப் பிள்ள கேக்கும்? அம்மாதான் கேப்பா."

"எங்கம்மா கேப்பா. குவைத்துலேருந்து வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போன் பண்ணுவா. எடுத்ததும் அதத்தான் கேப்பா. சாப்டியான்னு."

"ம்."

"போன வருசம் கிறிஸ்மசுக்கு வருவேன்னு சொல்லிட்டு லீவு கெடைக்கலன்னா. எனக்குக் கோவம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்டியான்னு கேட்டா, பதில் சொல்லாம, போனை அப்பாகிட்ட குடுத்துருவேன். பெறகு போன் வரல."

"பெறகு?"

"பிப்ரவரில அங்க நெஞ்சு வலி வந்து... அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணாங்க. யாருக்குன்னு சிஸ்டர் எங்கம்மா பேரச் சொன்னாங்க. நான் வரிசைய விட்டு வந்துட்டேன்."

இதை இதற்கு முன் நான் சொன்னதில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை. முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், அம்மா குவைத்தில் இருக்கிறாள் என்றுதான் எழுதியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

எமில்டாக்கா என்னைத் தேற்றவில்லை. மெழுகுவர்த்திப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

"நான் ஒன்ன மன்னிக்கல, கேட்டியா. நாளைக்கும் மன்னிக்க மாட்டேன். இதப் பிடி, பெரிய குருசுக்கிட்ட போ. இங்க கல்லறை இல்லாதவங்களுக்கெல்லாம் அங்கதான் கொளுத்துவாவ. கையக் குவிச்சுப் பிடிட்டி, காத்தடிக்கி."

பெரிய குருசடியில் நூறு திரியாவது எரிந்திருக்கும். கடலில் போனவர்களுக்கு, வெளியூரில் போனவர்களுக்கு. துவைத்த சட்டையோடு அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார். அவர் ஏற்றியதன் பக்கத்தில் என்னுடையதை ஊன்றினேன். பத்து மாதமாகச் சொல்லாத பதிலைச் சொன்னேன். அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

"சாப்ட்டேன்ம்மா."

நான் சாப்பிட்டிருக்கவில்லை. இன்னொரு பொய்யாகிவிடக் கூடாது என்று, வீட்டுக்கு வந்ததும் சோறு வடித்து, அப்பாவுக்கும் போட்டு, உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.